ஒரு விதிக்கு ஒரு வீடு

2023 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு ஏறியது. சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள சிறிய உணவகங்களுக்கு ரசீது மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்கு முந்தைய நாள் மாலையே நிரல் முழுவதும் 0.07 என்று தேடி, அகப்பட்ட பதினோர் இடங்களிலும் 0.08 என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் ஒரு கடைக்கார அம்மா அழைத்தார். “ஏம்மா, பொட்டலம் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் ரசீதில் மொத்தம் சரியாக இருக்கிறது. கீழே வரி என்று போட்டிருப்பது மட்டும் குறைகிறதே?”

அவர் கேட்டது சரி. 10.80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பது வரியும் சேர்ந்த விலை. அதிலிருந்து வரியைப் பிரித்துக் காட்ட 8/108-ஆல் பெருக்க வேண்டும்; 80 காசு வரும். ரசீதில் 71 காசு இருந்தது. நான் தேடியது 0.07. அந்த இடத்தில் இருந்ததோ 7/107. மாத அறிக்கையில் அதே விதி 1.07 என்று வகுத்தலாக உட்கார்ந்திருந்தது.

நகல் நிரல் என்றால் ஒரே மாதிரித் தெரியும் நிரலடிகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணுக்கு ஒத்துத் தெரிவதை எந்தக் கருவியும் கண்டுபிடித்துவிடும். ஒரே விதி வேறு வேறு உருவத்தில் எழுதப்பட்டிருப்பதுதான் ஆபத்தான நகல். ஆகவே நிரலைச் சீர்திருத்த உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த விதி நாளை மாறினால் நான் எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டும்? ஒன்றுக்கு மேல் என்றால் அந்த விதிக்கு இன்னும் வீடு கட்டவில்லை என்று பொருள்.

அதற்கான வீட்டை இப்படிக் கட்டினேன். ‘வரிவிகிதம்’ என்று ஒரு வகுப்பு (class), அதாவது தரவையும் அதன் கணக்கையும் சேர்த்து வைக்கும் நிரல் பகுதி. அதற்குள் ஒரு சிறு அட்டவணை: 2007 ஜூலை 1 முதல் 7, 2023 ஜனவரி 1 முதல் 8. வெளியே தெரிபவை இரண்டே செயல்கள் (functions):

மேலே_சேர்(தொகை, தேதி)
உள்ளிருந்து_பிரி(தொகை, தேதி)

விகிதம் எவ்வளவு என்று வெளியிலிருந்து யாரும் கேட்க முடியாது. எண்ணை வெளியே கொடுத்துவிட்டால், வாங்கிக்கொண்டவர் தானே ஒரு கணக்குப் போடுவார். அங்கே மறுபடியும் நகல் முளைக்கும். தரவு இருக்கும் இடத்திலேயே கணக்கும் இருக்கட்டும்.

இதற்கு ஒரு மாறிலி, அதாவது பெயரிட்டு ஓரிடத்தில் வைத்த ஓர் எண், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2024 ஜனவரி 1 அன்று வரி 9 விழுக்காடானது. டிசம்பரில் 8 விழுக்காட்டில் போட்ட ரசீதுக்கு ஜனவரியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், திரும்பும் வரியும் 8 விழுக்காடுதான். பழைய ரசீதின் தேதியைக் கொடுத்துக் கேட்டால் இந்த வகுப்பே சரியான விடையைச் சொல்லிவிடும். அந்த முறை நான் செய்தது அட்டவணையில் ஓர் அடி சேர்த்தது மட்டுமே.

அடுத்தது மரபுரிமை (inheritance): ஒரு வகுப்பின் இயல்புகளை, தாயிடமிருந்து பிள்ளை பெறுவதுபோல், இன்னொரு வகுப்பு பெறுவது. இதில்தான் எனக்கு அதிக நாள் செலவானது. ‘ரசீது’ என்று ஒரு தாய் வகுப்பு. அதன்கீழ் கடையில் உண்பவருக்கு ஒன்று, பொட்டலத்துக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று எனத் துணை வகுப்புகள். பொதுவானதையெல்லாம் தாயிடம் ஏற்றினேன்; 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அங்கே போய்விட்டது. பொட்டலத்துக்குச் சேவைக் கட்டணம் கிடையாது. எனவே அந்தத் துணை வகுப்பில் அதைச் சுழியம் என்று மறுத்து எழுதினேன். தாய் சொன்னதைப் பிள்ளை மறுக்க வேண்டி வந்தாலே அந்த உறவு தவறு. தாய் வகுப்பு நிற்கும் இடத்தில் துணை வகுப்பை நிறுத்தினாலும் நிரல் பிசகக் கூடாது என்று கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் பேசிய கருத்தை அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

துணை வகுப்புகள் மூன்றையும் நீக்கினேன். இப்போது ரசீது ஒன்றே. கட்டணங்களின் பட்டியலும் செலுத்தும் முறையும் அதற்கு வெளியிலிருந்து வந்து சேர்கின்றன. கடையில் உண்பவரின் 20 வெள்ளிக்குச் சேவைக் கட்டணம் 2 வெள்ளி. வரி 22 வெள்ளிக்கு 9 விழுக்காட்டில் கணக்கிடப்படும்: 1.98. மொத்தம் 23.98. அட்டையில் செலுத்தினால் அதே தொகை. ரொக்கம் என்றால் அருகிலுள்ள 5 காசுக்குத் திருத்தி 24.00, ஏனென்றால் 2002-லிருந்து ஒரு காசு நாணயம் புதிதாக வெளியிடப்படுவதில்லை. இந்த 5 காசுத் திருத்தம் ‘ரொக்கம்’ என்ற வகுப்பின் சொந்தப் பொறுப்பு. ரசீதுக்கு அதைப்பற்றித் தெரியவே தெரியாது. பொட்டலம் என்றால் கட்டணப் பட்டியலைக் காலியாக விட்டால் போதும்.

ஒன்றாக்கக் கூடாதவையும் உண்டு. உறுப்பினர் தள்ளுபடி 10 விழுக்காடு, சேவைக் கட்டணமும் 10 விழுக்காடு. ஒரே எண் என்பதால் இரண்டையும் ஒரே செயலாக்கியிருந்தேன். ஒரு கடை தீபாவளிக்குத் தள்ளுபடியை 15 ஆக்கியபோது சேவைக் கட்டணமும் 15 ஆகிவிட்டது. மாறுவதற்கான காரணம் வேறென்றால் அவை நகல் அல்ல. எவ்வளவு ஒத்திருந்தாலும் தனித்தனியே வாழட்டும். காரணம் ஒன்றா வேறா என்று தெளிவாகத் தெரியாதபோது மூன்றாவது முறை எழுத நேரும்வரை காத்திருக்கிறேன். தவறாக ஒட்டியதைப் பிரிப்பது நகலைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

இவற்றில் எதையும் தொடுவதற்கு முன்பு, பழைய ரசீதுகள் முப்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் உண்டது, பொட்டலம், ரொக்கம், அட்டை, திருப்பிக் கொடுத்தது என எல்லா வகையும் இருக்கட்டும். நிரலை ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் முப்பதையும் ஓட்டி, மொத்தத்தை மட்டுமல்லாமல் வரித்தொகையையும் காசு காசாக ஒப்பிடுங்கள். அந்த அம்மா கண்டுபிடித்த பிழையில் மொத்தம் சரியாகத்தான் இருந்தது.