பட்டன் போனுக்கு மாறப் போகிறீர்களா? சிம்மைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

ஒரு நாள் ராத்திரி என் மகள் தமிழ் மனப்பாடப் பாட்டை என்னிடம் ஒப்பித்தாள். அவள் முடித்து வெகுநேரம் ஆன பிறகும் நான் போனைப் பார்த்தபடி "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாயங்காலமே பட்டன் போன் வாங்கினேன். ஒன்பதாம் நாள் பழைய போனுக்கே திரும்பிவிட்டேன்.

ரீல்ஸ் இல்லாமல் இருக்க முடியாமல் திரும்பவில்லை. பணம் அனுப்புவது, ஓடிபி வாங்குவது, நம்பர் தேடுவது என்று அந்தப் போன் தினமும் செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு வேறு வழி பார்க்காமலே சிம்மைக் கழற்றிவிட்டேன். இரண்டாம் முறை, ஒரு மாதம் ஒவ்வொரு வேலையாக வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் மாறினேன். இது எட்டாவது மாதம்.

முதல் தவறு கடையிலேயே நடந்தது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல் கடையில், இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சிம் போட்டால் டவரே காட்டவில்லை. மறுநாள் போய்க் கேட்டதற்கு கடைப் பையன், "அண்ணா, இது டூஜி செட்டு. உங்களுது ஜியோ சிம். இன்னா பண்ணாலும் எடுக்காது" என்றான். அவன் சொன்னது சரிதான். ஜியோ 2016-ல் வந்ததே 4ஜி-யோடுதான். அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம் என்றால் 2ஜி போனில் பேசலாம். எந்த சிம்மாக இருந்தாலும், பெட்டியில் 4ஜி, வோல்ட்டி (4ஜி-யிலேயே பேசும் வசதி) என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். தமிழில் வரும் குறுஞ்செய்தியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். சில செட்டுகளில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

சிம் அளவையும் கவனியுங்கள். ஸ்மார்ட்போன் சிம் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பல பட்டன் போன்களுக்குப் பழைய பெரிய சிம்தான் சேரும். அதற்காக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துச் செருகுவோம். நான் வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டு வெளியே இழுத்தேன். உள்ளே இருந்த மெல்லிய பித்தளைப் பின் ஒன்று சட்டத்தில் மாட்டி நிமிர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஸ்லாட் அதோடு போச்சு. சிம்மை வைக்காமல் சட்டத்தை மட்டும் உள்ளே விடவே கூடாது.

அதிகம் பேரைத் திரும்ப வைப்பது பணம்தான். நேதாஜி மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்கிற அம்மாகூட ஸ்கேன் அட்டை வைத்திருக்கிறார். பட்டன் போனில் ஒன்றுமே முடியாது என்று நினைப்பது தவறு. *99# அடித்தால் இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்பலாம், இருப்பு பார்க்கலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பட்டன் போனுக்கென்றே யுபிஐ 123பே-யைக் கொண்டுவந்தது. அதில் போன் அழைப்பு மூலமே பணம் அனுப்பலாம். இரண்டுக்கும் வங்கியில் உங்கள் நம்பர் பதிவாகியிருக்க வேண்டும். பின் நம்பர் வைக்க டெபிட் கார்டு விவரம் கேட்கும். இதையெல்லாம் மாறுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை செய்து பாருங்கள். கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது கற்றுக்கொள்ள முடியாது. நான் தினச் செலவுக்கு ரொக்கத்துக்கே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏடிஎம்மில் எடுத்துப் பத்து, இருபதாக மாற்றி வைத்துக்கொள்கிறேன். ராணிப்பேட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்ட வேண்டியதில்லை.

ஓடிபி-யிலும் ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த போன்களில் குறுஞ்செய்திப் பெட்டி கொஞ்சம்தான் கொள்ளும். விளம்பரங்களால் அது நிரம்பிவிட்டால் புதிது எதுவும் வராது. நைனாவின் சுகர் மாத்திரைக்கு ஆன்லைனில் பணம் கட்ட உட்கார்ந்த அன்று ஓடிபி வரவே இல்லை. அரை மணி நேரம் வங்கியைத் திட்டிய பிறகுதான் பெட்டி நிரம்பியிருப்பதைப் பார்த்தேன். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில்தான் தவறு செய்யாதவர்கள் குறைவு. கணினியில் இணைத்துவிட்டோமே, போதும் என்று ஸ்மார்ட்போனை அணைத்து வைத்துவிடுவார்கள். 14 நாள் அந்தப் போனைத் தொடாவிட்டால் கணினி இணைப்பு தானாகவே போய்விடும். 120 நாள் கணக்கைத் திறக்காமலே விட்டால் கணக்கே அழிந்துபோகலாம். போதாததற்கு, கணக்குத் தொடங்கிய நம்பரின் சிம் இருக்கிற போனில்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. அதனால் ஸ்மார்ட்போனுக்கென்று இன்னொரு சிம் வாங்கி, வாட்ஸ்அப்பில் இருக்கும் 'நம்பர் மாற்று' வசதியில் அந்த நம்பருக்குப் போய்விட்டேன். பேசுகிற நம்பர் பட்டன் போனில் இருக்கிறது. பள்ளிக்கூடக் குரூப்பை என் மனைவி பார்த்துக்கொள்கிறார்.

தொடர்பு எண்களை சிம்முக்கு நகல் எடுத்தால் 250 வாக்கில் நின்றுவிடும், பெயரும் பாதியில் வெட்டுப்படும். அவசியமான நாற்பது எண்களை டைரியில் கையால் எழுதி வைத்துக்கொண்டாலே போதும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிவிடுங்கள். போன் எடுத்து அலாரம் அணைக்கும் கை அங்கேயே நிற்காது.

கடைசியாக, ஸ்மார்ட்போனை எங்கே வைப்பது? தலையணைப் பக்கம் வைஃபையோடு வைத்திருந்தால் நீங்கள் மாறவே இல்லை என்று அர்த்தம். அதேபோல டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாலும் கவனம் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ரத்தினகிரி மலை எந்தப் பக்கம் வரும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது.

எங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் துணி பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுப்பேன். கரண்ட் பில், கேஸ், நைனாவின் ரிப்போர்ட் எல்லாம் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்குத் திரும்ப வைத்துவிடுவேன். மணி ஆனதும் மகள்தான் வந்து கை நீட்டுகிறாள்.