ஆர்டர் போகிற வழியில் நீங்களும் போய் வாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினாறு வருஷமாக மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் (துணி வாங்கும் கம்பெனிக்கும்) நமக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, சஸ்டெய்னபிலிட்டி ஆடிட்டுக்கு என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளிக்கும் கெடுதல் இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பேப்பர் வேண்டும்தான். அதற்கு முன்னால், நூல் இறங்கும் இடத்திலிருந்து பெட்டி கட்டும் இடம் வரை ஒரு தடவை போய் வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்த வேலையைக் கையால் செய்கிறவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். ஓனர் பெயர் வேண்டாம்.

நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கில் ஆரம்பியுங்கள். ஆர்கானிக் நூலும் சாதா நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நாங்கள் ஜாப் ஒர்க் கொடுக்கும் ஓரிடத்தில் ஹெல்பராக இருக்கும் ஓர் அக்கா, ஆர்கானிக் லாட் ஏறும் முன் மிஷினைச் சுற்றிப் பஞ்சைக் கூட்டிவிடுவார். மிச்சமான சாதாக் கோன்களை (நூல் சுற்றிய கூம்புகளை) எண்ணி, சிவப்புக் கயிறு கட்டிய மூட்டையில் போட்டுத் தள்ளி வைப்பார். அவர் லீவு போட்ட அன்று மூன்று சாதாக் கோன்கள் மிஷினில் ஏறிவிட்டன. அன்றைக்கு ஓடிய ரோல் முழுவதையும் ஆர்கானிக் கணக்கிலிருந்து எடுத்தோம். அவர் செய்வதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. இப்போது ஷிப்டுக்கு இரண்டு பேருக்கு அவரே பழக்கிக்கொடுக்கிறார், அதற்குத் தனியாகச் சம்பளமும் உண்டு. இப்படி ஒருவர் உங்கள் ஆர்டரிலும் இருப்பார், தேடுங்கள்.

அடுத்தது சாயப்பட்டறை. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடியதையும், 2011 ஜனவரியில் ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னதையும் எங்கள் ஊர் மறக்காது. இன்றைக்குக் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்ப எடுக்கிறார்கள், மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். அடர்ந்த ஷேடுக்குச் சாயம் ஏற, ஒரு லிட்டர் சாயத்தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போகும். டையிங் மாஸ்டரிடம், "இந்த மாசம் எத்தனை லாட் ரீ-டையிங் போச்சு, எதனால?" என்று கேளுங்கள். லேப் டிப்பை (சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துணியை) நாம் அவசரத்தில் அப்ரூவ் செய்ததுதான் பாதிக் காரணமாக இருக்கும். ஷேடு தப்பினால் அந்தத் தண்ணீரும் உப்பும் சூடும் மறுபடி செலவு.

தையலில் பார்க்க வேண்டியது தேதி. பையர் அப்ரூவல் பத்து நாள் தள்ளிப்போனாலும் ஷிப்மென்ட் தேதி அப்படியே நிற்கும். அந்தப் பத்து நாளும் பவர் டேபிளில் (தையல் மிஷினில்) உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்தான் விழும். ராத்திரி வேலை வரும், நமக்குத் தெரியாமல் வேறு யூனிட்டுக்கும் பீஸ் போகும். அதனால் தேதியை ஒத்துக்கொள்ளும் முன் லைன் சூப்பர்வைசரிடம் ஒரு நாளைக்கு நியாயமாக எத்தனை பீஸ் இறங்கும் என்று கேளுங்கள். அப்ரூவல் தாமதமானால் ஷிப்மென்டும் அத்தனை நாள் தள்ளும் என்று முதல் மெயிலிலேயே எழுதுங்கள். எல்லா பையரும் ஒத்துக்கொள்வதில்லை. எழுதாவிட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொழிலாளர்களிடம் டீ டைமில், சூப்பர்வைசர் இல்லாதபோது பேசுங்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பாஷை தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். "பிரச்சனை ஏதாவது இருக்கா?" என்றால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை மணி நேரம் ஓவர்டைம், கைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். பெண்களிடம் பாலியல் தொல்லைப் புகார் கமிட்டியில் இருப்பவர்கள் பெயரைக் கேளுங்கள். 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் கமிட்டி இருக்க வேண்டும். பெயர் தெரியவில்லை என்றால் கமிட்டி ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. பாலியல் தொல்லையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் கம்பெனியும் போட்ட 2022 திண்டுக்கல் ஒப்பந்தத்தில், வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்களைப் பழக்கினார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

யாராவது ஒன்றைச் சொன்னால் அவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள். அடுத்த சனிக்கிழமை சம்பளத்துக்குள் திரும்பிப் போய், என்ன ஆனது என்று அவரிடம் சொல்லுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.