இழைமணிக்குள் புரதம் போகும் வழி: விடைத்தாளில் விழும் பிழைகள்

யாழ்ப்பாணத்து ரியூசன் கொப்பிகளில் அடிக்கடி தட்டுப்படும் வசனம் ஒன்று உண்டு: "இழைமணிக்குச் சொந்த டி.என்.ஏ இருப்பதால் தன் புரதங்களைத் தானே செய்கிறது." அது பிழை. மனித இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியாவின்) டி.என்.ஏ தருவது 13 புரதங்கள்தான். மிச்சம் ஆயிரத்துக்கும் மேலானவை குழியவுருவின் இறைபோசோம்களில் தயாராகி உள்ளே வருகின்றன.

அப்படி வரும் எல்லாவற்றுக்கும் முன்முனையில், முகவரியாக உதவிப் பிறகு அறுபடும் முன்தொடர் உண்டு என்று எழுதுவது அடுத்த பிழை. தாயத்துக்கு, அதாவது உள்மென்சவ்வுக்குள் இருக்கும் கூழுக்கு, போகும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு. பொதுவாக 15 முதல் 50 அமினோ அமிலங்கள். சுருளாகும்போது ஒரு பக்கம் நேரேற்றம், மறுபக்கம் நீர்வெறுப்பு. ஆனால் உள்மென்சவ்வில் அமரும் ஏ.டி.பி–ஏ.ரி.பி காவிக்கு அப்படியொன்று இல்லை. அதன் முகவரி உடலுக்குள்ளேயே இருக்கிறது. சைற்றோகுரோம் சி-யும் முன்தொடர் இல்லாமலே வருகிறது.

நுழையும் படலை (வாசல்) ஒன்றென்பதால் பாதையும் ஒன்றென்று நினைக்கக்கூடாது. பெரும்பாலானவை வெளிமென்சவ்வின் ரொம் சிக்கலூடாக (பல புரதங்கள் சேர்ந்த வாயிலூடாக) நுழைந்தாலும் பிறகு பிரிகின்றன. தாயத்துக்கு உள்மென்சவ்வின் ரிம்23 சிக்கல், காவிப் புரதங்களுக்கு அதே மென்சவ்வின் ரிம்22 சிக்கல், மென்சவ்விடை வெளியில் தங்கும் சிஸ்டீன் அமினோ அமிலம் கொண்ட சிறிய புரதங்களுக்கு மியா40 என்ற புரதம். வெளிமென்சவ்வில் துளையாக அமையும் போரினின் போக்குத்தான் வேடிக்கை: படலையால் முற்றத்துக்கு (மென்சவ்விடை வெளிக்கு) வந்து, உள்ளிருந்தே வேலியில் (வெளிமென்சவ்வில்) செருகப்படுகிறது. அதைச் செருகுவது சாம் சிக்கல்.

சக்தி பற்றிய விடையில் ஏ.ரி.பி மட்டும் எழுதினால் பாதிதான் சரி. தாயப்பக்கம் எதிரேற்றமாக இருப்பதால் நேரேற்ற முன்தொடர் இழுபடுகிறது. சி.சி.சி.பி என்ற இரசாயனத்தை இட்டு அந்த மின்னழுத்த வேறுபாட்டைக் குலைத்தால், ஏ.ரி.பி நிறைய இருந்தாலும் ரிம்23 வழி அடைபடும். முன்தொடர் நுழைந்தபின் மீதிச் சங்கிலியை உள்ளிழுக்கத் தாயத்திலுள்ள எச்.எஸ்.பி70 என்ற புரதம் ஏ.ரி.பியைச் செலவிடுகிறது. சங்கிலி அவிழமுடியாதபடி இறுக மடிந்திருந்தால் இவை எதுவும் உதவாது. டி.எச்.எஃப்.ஆர் என்ற நொதியத்தை இணைத்த புரதத்துக்கு, அந்த நொதியத்தைப் பற்றிக்கொள்ளும் மெதொட்ரெக்சேற் மருந்தைக் கொடுத்தால், அந்த மடிப்பு இறுகி, புரதம் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆய்வுகூடத்தில் வரும் பிழை வேறு. வெளியே நிற்கும் புரதத்தை வெட்டும் புரோட்டீனேஸ் கே என்ற நொதியத்தை இட்டபின்னும் ஜெல்லில் புரதத்தின் பட்டை நிற்கிறது, எனவே புரதம் உள்ளே போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். வெளியில் திரண்டு கட்டியான புரதத்தையும் அந்த நொதியம் வெட்டாமல் விடலாம். டிரைட்டன் என்ற சவர்க்காரப் பொருளால் மென்சவ்வைக் கரைத்து, அதே அளவு நொதியம் இட்ட இன்னொரு குழாயும் வேண்டும். அங்கும் பட்டை நின்றால் அது உட்புகுந்த புரதம் என்பதற்குச் சான்றல்ல. ஜெல்லுக்குரிய கரைசலைச் சேர்க்குமுன் பி.எம்.எஸ்.எஃப் இட்டு நொதியத்தை நிறுத்தாவிட்டால், உள்ளே பத்திரமாக இருந்ததும் குழாயிலேயே அறுபட்டுவிடும்.