கடலூர்ல நம்ம வீட்லயே அரபு கஹ்வா போடலாம்

கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் வளைகுடால ஆள் இல்லாத தெரு கம்மி, அவங்க லீவுல வர்றப்ப கொண்டு வர்ற கஹ்வாவ, அதாவது அரபு நாட்டு காபிய, இங்க இருக்குறவங்க குடிச்சிட்டு என்னங்க கஷாயமான்னு கேக்குறாங்க, ஃபில்டர் காபி நெனப்புல குடிச்சா அப்படித்தான் இருக்கும்.

எல்லாமே வறுக்குறதுலதான் இருக்கு. சிக்கரி கலந்த தூள் இதுக்கு ஆகவே ஆகாது, பச்சை அராபிகா கொட்டையா கேட்டு வாங்குங்க. அடி கனமான வாணலில சிம்ல வச்சு கை விடாம கிளறுங்க, பச்சை நிறம் போய் மஞ்சளாகி லேசா பொன்னிறம் வந்து டப் டப்னு மொத சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் இறக்கிடுங்க, கறுக்க விட்டா கஹ்வா மணமே போச்சு. ஆறுனதும் ரவை மாதிரி கொரகொரன்னு அரைங்க.

3 டம்ளர் தண்ணி கொதிச்சதும் 3 பெரிய ஸ்பூன் தூள் போட்டு சிம்ல 10 நிமிஷம். அணைச்சிட்டு தட்டுன ஏலக்காய் 6, ஒரு சிட்டிகை குங்குமப்பூ போட்டு 5 நிமிஷம் மூடி வைங்க, மண்டி அடில தங்குனதும் வடிகட்டுங்க. பால் சர்க்கரை வேணாம், பேரீச்சம்பழம் போதும்.

பரிமாறுறதும் முக்கியம்ங்க, 2015ல சவுதி, அமீரகம், ஓமான், கத்தார் நாலும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இந்த உபசரிப்பையே ஏத்தியிருக்காங்க. தல்லாங்கிற நீள மூக்கு கூஜாவ இடது கைல புடிச்சு, பிடி இல்லாத ஃபிஞ்சான் கப்ப வலது கையால குடுக்கணும். கால் கப்தான் ஊத்தணும், தீரத்தீர ஊத்திட்டே இருப்பாங்க, போதும்னா கப்ப லேசா ஆட்டி குடுத்துடுங்க.