தாங்ஸ்கிவிங் திங்களில் ஓர் ஓய்வுநாள்: முந்தின நாள் மாலையே தொடங்குங்கள்

கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கள் தாங்ஸ்கிவிங் என்ற நன்றி செலுத்தும் நாள் விடுமுறை. சபையில் நன்றி ஆராதனை முந்தின நாளே முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மேப்பிள் மரங்களும் நல்ல நிறத்தில் நிற்கும். ஒரு முழுநாள் ஆண்டவருக்குள் இளைப்பாற, ரொறன்ரோ பக்கம் இதைவிடத் தோதான நாள் கிடைப்பது அரிது. வேலை குவிந்து கிடக்கும் பருவமாயிற்றே என்பீர்கள். யாத்திராகமம் 34:21 விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருக்கத்தான் சொல்கிறது.

தொடக்கத்தைத் திங்கள் காலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதியாகமத்தில் நாள் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றே எண்ணப்படுகிறது. இரவு முந்தி, வேலை பிந்தி. ஞாயிறு பொழுதுபடும்போது, மாலை 6:40 அளவில் தொடங்கி, திங்கள் பொழுதுபடும்போது முடியுங்கள்.

சனிக்கிழமையே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வழிசெய்துவிட வேண்டும்: ஒரு கறி, ஒரு பருப்பு, கடையில் வாங்கிய இடியப்பம் போதும். விருந்துச் சமையல் வேண்டாம். அடுப்படியில் நிற்கும் ஒருவருக்கு மட்டும் அது ஓய்வுநாளாக இராது. ஊரிலுள்ள பெற்றோருக்கு ஞாயிறு காலையே கோல் எடுத்துவிடுங்கள். ரொறன்ரோவில் காலை 8 என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை 5:30. பிறகு ஒரு போனை அவசரத்துக்குச் சத்தத்தோடு அடுப்படியில் வைத்துவிட்டு, மற்றவற்றை அணைத்து லாச்சிக்குள் போட்டுவிடுங்கள். பைபிளைப் போனில் வாசிக்கிறவர்கள் அன்றைக்கு அச்சுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், சங்கீதம் பாதியில் நின்றுவிடும்.

ஞாயிறு இரவு ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். சங்கீதம் 4 எட்டு வசனம்தான். கடைசி வசனம் நித்திரையைப் பற்றியது. வாசித்துவிட்டு ஒன்பதுக்கெல்லாம் படுங்கள், அலாரம் வேண்டாம். இதை ஆவிக்குரிய சோம்பல் என்று நினைப்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐப் பார்க்கட்டும். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று விழுந்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் ஜெபிக்கச் சொல்லவில்லை. எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா தூங்கினான், சாப்பிட்டான், மறுபடி படுத்தான், மறுபடி சாப்பிட்டான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அதற்கு வெகுநாளைக்குப் பிறகுதான் வந்தது. களைத்துப்போயிருக்கும்போது உபவாசத்தையும் சேர்க்காதீர்கள். காலைத் தேத்தண்ணியை விட்டால் பத்து மணிக்குத் தலையிடி வரும். மிச்ச நாள் அதோடு போய்விடும்.

திங்கள் காலை ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவுக்குப் போவதானால் ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். பிந்தினால் கார் விட இடம் தேடுவதே வேலையாகிவிடும். நாற்பது நிமிடம் ஆறுதலாக நடந்தால் போதும். ஒரு மேப்பிள் கிளையை, ஒடிக்காமல், கிட்ட நின்று பாருங்கள். இலை விழுந்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும். குளிர் இலையைப் பிய்த்துப் போடுவதில்லை. பகல் சுருங்கச் சுருங்க மரமே காம்பின் அடியில் ஒரு படலத்தை வளர்த்து, இலையைக் கழற்றிவிடுகிறது. தழும்புக்குச் சற்று மேலே கூரான ஒரு மொட்டு இருக்கும். அடுத்த வசந்தத்துக்குரிய அந்த மொட்டைக் கோடையிலேயே மரம் உருவாக்கிவிட்டது. பாடகர் குழுவோ, கமிட்டியோ, விழாப் பொறுப்போ, இந்த வருடம் நீங்கள் கழற்றிவிட வேண்டியது எது என்ற கேள்வியை அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றைத் தாளில் எழுதினால் போதும்; சம்பந்தப்பட்டவருக்குச் செவ்வாயன்று சொல்லலாம்.

வீடு திரும்பியதும் சங்கீதம் 1-க்கு அரைமணி ஒதுக்குங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குயிகோ என்ற துறவி எழுதிவைத்த நான்கு படிகள் இன்றைக்கும் பயன்படும். இரண்டு தரம் வாய்விட்டு வாசிக்க ஐந்து நிமிடம். மனதில் தங்கிய ஒரு சொற்றொடரை அசைபோடப் பத்து. அதையே ஜெபமாக்கப் பத்து. மிச்ச ஐந்தும் சும்மா இருக்க. முதல் பத்து நிமிடம் கடன், கார், சம்பளம் என்று மனம் ஓடும். பக்கத்தில் ஒரு தாள் வைத்து அவற்றை ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு வேறொரு சோதனை உண்டு. இதை அடுத்த கூட்டத்தில் சொல்லலாமே என்று தோன்றும். தோன்றினால் பேனாவை மூடுங்கள்.

இடையில் யாராவது கதவைத் தட்டினால் நாள் பாழாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாற்கு 6-இல் சீஷர்கள் இளைப்பாறப் போன இடத்துக்கும் ஜனங்கள் முந்திக்கொண்டார்கள், இயேசு மனதுருகினார். வந்தவரைக் கவனித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

நித்திரை கொண்டும் களைப்பு மாறாமல், இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். பகல் குறையும் பருவத்தில் வரும் சோர்வுக்கும் சிகிச்சை இருக்கிறது. விசுவாசக் குறைவென்று மறைக்க வேண்டியதில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை மணிக்கூடு ஒரு மணி பின்னே போகும். கிடைக்கும் ஒரு மணியையும் நித்திரைக்கே கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் ஆகமன காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது; கரோல் பயிற்சிகள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டாவது ஓய்வுநாளை நவம்பர் நடுப்பகுதிக்குள் குறித்து, வீட்டு நாட்காட்டியில் பேனாவால் எழுதிவிடுங்கள்.