சைட்டில் டீம் ஒத்துப்போகிறதா என்று அளப்பது எப்படி

ஓசூர், சூளகிரி பக்கம் கட்டட வேலை நடக்கும் எந்த சைட்டில் போய்க் கேட்டாலும் "எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். டீக்கடையில் ஒன்றாக உட்காருகிறார்கள், சண்டை சச்சரவு கிடையாது, சரி. ஆனால் சென்ட்ரிங் செட் (காங்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஆட்கள்) முடித்துத் தருகிறேன் என்று சொன்ன நாளில் கம்பி செட் (கம்பி கட்டும் ஆட்கள்) வந்து சும்மா நிற்கிறதா இல்லையா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு செட்டும் எவ்வளவு வேகம் என்று தனித்தனியாகப் பார்ப்பதை விடுங்கள். ஒரு செட்டின் கையிலிருந்து அடுத்த செட்டின் கைக்கு வேலை மாறுகிற இடத்தை அளங்கள்.

முதலில் வாக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடாவுக்கு முன்னால் எல்லா மேஸ்திரிகளையும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள் (பட்டுவாடா முடிந்த பிறகு ஒருவரையும் பிடிக்க முடியாது). அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும், இன்ஜினியர் சொல்லி அவர் தலையாட்டக் கூடாது. "முதல் மாடி வேலை ஓடும்" என்பதை எழுதாதீர்கள். "சி வரிசைத் தூண் ஆறுக்கும் புதன் மாலைக்குள் கம்பி கட்டி முடியும்" என்று எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை முடிந்ததா இல்லையா, இரண்டே பதில். ஆறில் ஐந்து தூண் முடிந்திருந்தாலும் முடியவில்லை என்றுதான் போட வேண்டும். கொஞ்சம் கறாராகத் தோன்றும், ஆனால் அந்த ஆறாவது தூணுக்காகத்தான் அடுத்த செட் காத்துக் கிடக்கும். 20 வாக்கில் 13 நிறைவேறினால் 65 சதவீதம். அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் 1990களில் வளர்த்தெடுத்த 'லாஸ்ட் பிளானர்' முறையில் இருக்கும் கணக்கு இது. அவர்கள் ஆரம்பத்தில் அளந்த சைட்டுகளிலேயே வாரத் திட்டத்தில் பாதியைச் சற்றே தாண்டித்தான் முடிந்திருக்கிறது, ஆகவே முதல் வாரம் 50 வந்தால் பதற வேண்டாம்.

நிறைவேறாத ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: ஆள் வரவில்லை, எம்-சாண்ட் வரவில்லை, டிராயிங் தெளிவில்லை, முந்தைய செட் முடித்துத் தரவில்லை, மழை. நமக்கு வேண்டியது நான்காவது. ஆனால் அதை மறைக்க "மழை" என்று எழுதிவிடுவார்கள், எந்த நாளில் பெய்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஸ்லாப், அதாவது காங்கிரீட் கூரைத் தளம். ஒத்துழைப்பைப் பார்க்க இதைவிட நல்ல இடம் சைட்டில் இல்லை. அடிக்கம்பி விரித்ததும் எலக்ட்ரீஷியன் வந்து பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மேல்கம்பி. அவரை நேரத்துக்குக் கூப்பிடவில்லை என்றால், கட்டி முடித்த மேல்கம்பியை நெம்பி பைப்பை நுழைப்பார், கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி வைக்கும் சின்னக் கட்டி) நகரும், கம்பி செட் மேஸ்திரி கத்துவார், கடைசியில் ஒரு பாக்ஸ் விட்டுப்போய் காங்கிரீட் போட்ட பிறகு உளியைத் தூக்குவார்கள். அடிக்கம்பி தயாரான நேரம், எலக்ட்ரீஷியன் கை வைத்த நேரம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பிரித்த பிறகு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் கொத்திய இடத்தையெல்லாம் வட்டம் போட்டு எண்ணுங்கள். கீழே கட்டு வேலை செய்யும் கொத்தனார், ஸ்லாபைத் தாங்கும் முட்டைப் பிரிக்கும் வரை காத்திருப்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி, தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்கத்தான் வேண்டும், அது யாருடைய குற்றமும் இல்லை.

டிராயிங் சந்தேகத்துக்குத் தனி ரிஜிஸ்டர் தேவையில்லை, வாட்ஸ்அப் குரூப்பே போதும். கேள்வி போட்ட நேரம், வேலை செய்யத் தோதான பதில் வந்த நேரம். "ஓகே சார்", கட்டைவிரல் எல்லாம் பதிலில் சேராது.

அப்புறம் ஆட்களிடம் கேட்பது. ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடச் சொல்லும் படிவம் வேண்டாம், கூலி கொடுப்பவர் கேட்டால் எல்லோரும் ஐந்துதான் போடுவார்கள். ஓசூரில் ஒரே ஸ்லாபில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கேட்கும், அவரவர் மொழி தெரிந்த, மேஸ்திரி அல்லாத ஒருவரை விட்டுக் கேளுங்கள். போன வாரம் யாருக்காகக் காத்திருந்தீர்கள்? தப்பு நடப்பதைப் பார்த்தால் யாரிடம் சொல்வீர்கள்? நாளைக்கு என்ன வேலை என்று இப்போதே தெரியுமா? மூன்றாவது கேள்விக்குச் சித்தாள் வரைக்கும் பதில் தெரிந்தால் அந்த சைட் நன்றாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாக்கு நிறைவேறிய சதவீதத்தை பில்லோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். பணம் பிடிப்பீர்கள் என்று தெரிந்த வாரமே மேஸ்திரி சின்னச் சின்ன வாக்காகக் கொடுக்க ஆரம்பிப்பார், 90 சதவீதம் வரும், கட்டடம் மட்டும் அங்கேயே நிற்கும். அதனால் பக்கத்திலேயே மொத்த அட்டவணையையும் வைத்துப் பாருங்கள், வாக்கு கொடுத்தது இந்த வாரம் நடந்தாக வேண்டிய வேலைதானா என்று.

பொங்கல் வாரத்தையும், ஹோலி, சட் பூஜைக்கு வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் போகும் வாரங்களையும் சராசரியில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு புது ஆட்களோடு பழைய சதவீதத்துக்குத் திரும்ப எத்தனை வாரம் பிடிக்கிறது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த சைட்டுக்கு நாள் கணக்கு போடும்போது அது வேண்டியிருக்கும்.