பயணத்தில் வைஃபை டப்பா: முதல்முறை எடுத்துப்போகிறவர்களுக்கு

போன வருடம் மே மாதம் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம், ஆறு பேர். என் பையில் புதிதாக வாங்கிய வைஃபை டப்பா, அதாவது சிம் போட்டால் சுற்றியிருக்கும் போன்களுக்கெல்லாம் வைஃபை தரும் சின்னக் கருவி. எல்லார் போனையும் அதில் இணைத்துவிட்டு, டப்பாவைப் பவர் பேங்கில் செருகித் தலைமாட்டில் வைத்துத் தூங்கிப்போனேன். விடியற்காலை கொடை ரோட்டில் இறங்கி, மேலே கொடைக்கானல் போக வண்டி பார்க்கலாம் என்று போனை எடுத்தால் மேப் திறக்கவே மாட்டேன் என்கிறது. நள்ளிரவில் புதிதாக வந்த 2 ஜிபியும் காலி. நாங்கள் தூங்கிய நேரத்தில் மைத்துனர் மகனின் போன், அவன் அந்த வாரம் முழுக்க எடுத்த வீடியோக்களை கூகுள் போட்டோஸில் ஏற்றித் தள்ளியிருக்கிறது.

பையன் மேல் தப்பில்லை, போன் மேலும் தப்பில்லை. வைஃபை என்றாலே வீட்டு பிராட்பேண்ட் மாதிரி அள்ள அள்ளக் குறையாதது என்றுதான் போன் நினைத்துக்கொள்ளும். பின்னால் இருப்பது தினம் 2 ஜிபி சிம் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். மற்ற வேலையெல்லாம் பத்து நிமிடம். இதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

உங்களுக்கு இது வேண்டுமா?

உள்ளங்கையில் அடங்கும் சாமான். உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி. மொபைல் டவரிலிருந்து நெட்டை வாங்கிச் சுற்றியிருக்கும் போன், லேப்டாப்புக்கு வைஃபையாகக் கொடுக்கும். ஒருவர் இருவராகப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். போனில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டே போதும். நாலைந்து பேர், கூடவே லேப்டாப்பில் வேலை என்றால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. ஒரு போனே எல்லாருக்கும் ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டிருந்தால், சூடேறி மத்தியானத்துக்குள் அணைந்துவிடும். அப்புறம் டாக்ஸிக்காரரைக் கூப்பிடக்கூட ஆளில்லை.

முதல் படி: சிம்

டப்பா எந்த சிம்மை ஏற்கும் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஜியோ கம்பெனியின் டப்பாவான ஜியோஃபை, ஜியோ சிம்மை மட்டும்தான் ஏற்கும். எல்லா சிம்மும் ஏற்கும் டப்பாக்களும் உண்டு. சில பழைய மாடல்களில் மைக்ரோ சிம் அளவுதான். இப்போது நம் போனில் போடுவது அதைவிடச் சின்னது. புது சிம் வரும் அட்டையில் அதைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், அது இருந்தால்தான் பொருந்தும்.

வங்கியில் கொடுத்திருக்கும் நம்பரின் சிம்மை மட்டும் இதில் போடவே போடாதீர்கள். ஓடிபி எல்லாம் டப்பாவுக்குப் போய்விடும், பல டப்பாக்களில் அதைப் படிக்கத் திரை கிடையாது. சிம் போனில் இல்லை என்றால் யுபிஐ ஆப்பும் தகராறு செய்யும். இதற்கென்று தனி சிம் வாங்குவதுதான் நிம்மதி.

பிளான் போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'அன்லிமிடெட் 5ஜி' என்று போட்டிருப்பது 5ஜி டவரில் 5ஜி கருவிக்குத்தான். நம் டப்பா 4ஜி என்றால் தினசரி அளவு மட்டுமே கணக்கு. அது தீர்ந்தால் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ். வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் போகும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், தினக்கணக்கு இல்லாமல் மொத்தமாக டேட்டா தரும் பிளான்தான் பயணத்துக்குச் சரி. ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் நிறைய என்றுதானே செலவாகும்?

எந்தக் கம்பெனி என்பதை நம் வீட்டு சிக்னலை வைத்து முடிவு செய்யாதீர்கள். போகிற ஊரில் தங்கும் விடுதிக்கு போன் போட்டு, 'உங்க பக்கம் எந்த டவர் நல்லா கிடைக்கும்?' என்று கேளுங்கள். ஜம்மு காஷ்மீர் போகிறவர்கள் கவனிக்க: வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே பொருத்திப் பார்ப்பது

ரயில் ஏறியபிறகு பெட்டியைப் பிரிக்காதீர்கள். இரண்டு நாள் முன்னாலேயே செய்யுங்கள். மூடியைக் கழற்றினால் பேட்டரிக்கு அடியிலோ மூடியின் உள்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் எறும்பு எழுத்தில் இருக்கும். முதலில் அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மைப் போட்டு ஆன் செய்து, விளக்கு நிலையாக எரியும்வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு போனில் அந்த வைஃபையை இணையுங்கள்.

இணைந்ததும் பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் டப்பாவின் அமைப்புப் பக்கம் வரும். எந்த எண் என்பதும் ஸ்டிக்கரில் உண்டு. வைஃபை பாஸ்வேர்டையும், இந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்எஸ் என்று ஒரு பகுதியும் இருக்கும், ரீசார்ஜ் ஓடிபி அங்கேதான் வந்து விழும்.

எல்லாம் சரி, ஆனால் நெட் வரவில்லையா? பெரும்பாலும் ஏபிஎன்தான், அதாவது அந்தக் கம்பெனியின் நெட்டுக்குள் நுழைய டப்பாவில் இருக்க வேண்டிய வாசல் பெயர். அதே சிம்மை ஒரு போனில் போட்டு, மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஏபிஎன் என்ன என்று பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே டப்பாவில் போடுங்கள்.

மூன்றாம் படி: போனுக்குப் புத்தி சொல்வது

இதை இணையும் ஒவ்வொரு போனிலும் செய்ய வேண்டும், குறிப்பாகப் பெரியவர்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும்.

ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலுக்குப் போய் நம் டப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொடுங்கள். உள்ளே 'மீட்டர்ட்' (அளவுக் கணக்கு உள்ள நெட்) என்று ஒரு வசதி இருக்கும், 'ட்ரீட் அஸ் மீட்டர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அதே இடத்தில் 'லோ டேட்டா மோட்'. விண்டோஸ் லேப்டாப்பில் 'மீட்டர்ட் கனெக்ஷன்'. இந்த லேப்டாப்பை மறந்தால் ஒரே ஒரு அப்டேட் அன்றைய பங்கை முழுங்கிவிடும்.

அப்புறம் வாட்ஸ்அப். மொபைல் டேட்டாவில் படம் மட்டும் தானாக இறங்கும், வைஃபையில் என்றால் வீடியோ உட்பட எல்லாமே இறங்கும். நாமாக மாற்றாதவரை அதன் வழக்கம் இதுதான். என் மாமியார் போனில் பதினாலு குரூப். காலை வணக்க வீடியோக்களே பாதி டேட்டாவைத் தின்றுகொண்டிருந்தன. ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் வைஃபைக்கான டிக்குகளை எடுத்துவிட்டேன். 'ஏன்பா, பூ படமே வரலையே?' என்று இரண்டு நாள் கேட்டார்கள். தொட்டால் வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். யூடியூபிலும் வைஃபைக்கு வீடியோ தரம் தனியாக இருக்கும், 'டேட்டா சேவர்' என்று வையுங்கள்.

நான்காம் படி: வழியில்

ரயில் பெட்டி இரும்புக் கூடு. டப்பாவைப் பைக்குள்ளோ பெர்த்துக்கு அடியிலோ வைக்காமல் ஜன்னல் ஓரம் வையுங்கள். இரவு 11 மணி முதல் 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் பாயின்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். பேட்டரி சராசரியாக ஐந்தாறு மணி நேரம்தான் தாங்கும். தூங்கும்போது அணைத்துவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?

மலைப்பாதையிலும் அப்படித்தான். வத்தலக்குண்டு தாண்டி ஏற ஆரம்பித்தால் டவர் வரும், போகும். டப்பா விடாமல் டவரைத் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். மேப்பை முன்பே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கொடைக்கானல், ஊட்டி போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் சோதனைச் சாவடியில் நெட்டுக்காகத் தவிக்க வேண்டாம்.

போனில் வைஃபை கோடு முழுசாக இருக்கும், நெட் மட்டும் வராது. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். அந்தக் கோடு காட்டுவது போனுக்கும் டப்பாவுக்கும் உள்ள தொடர்பை மட்டும். டவர் கிடைக்கிறதா என்பதை டப்பாவின் விளக்கில் பாருங்கள்.

காரில் டேஷ்போர்டு மேல் வெயில் படும்படி வைக்காதீர்கள். என் முதல் டப்பாவின் பேட்டரி அப்படித்தான் பூரி மாதிரி உப்பி, மூடியே மூட முடியாமல் போனது. உப்பிய பேட்டரியை அழுத்தி மூடவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. விமானம் என்றால் டப்பாவும் பவர் பேங்கும் கைப்பையில் வரட்டும்.

ஊர் திரும்பியதும் அணைத்து, பாதி சார்ஜோடு வையுங்கள். சிம்மை அப்படியே மறந்துவிடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் ப்ரீபெய்ட் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அடுத்த லீவுக்குப் பெட்டி கட்டும்போதுதான் அது தெரியவரும்.